வெள்ளம் வடிந்த பிறகு பல்கலைக்கழகம் ஊருக்கு என்ன செய்யலாம்?

வளாகத்துப் பிள்ளை (கேள்வி)

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாரியில் எங்காவது வெள்ளம் போட்டால் மாணவர்கள் நாங்கள் உடனே உலருணவு சேர்க்கத் தொடங்கிவிடுவோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் அதைத்தான் செய்தோம். கடலேரிக் கரையில் ஓர் இடைத்தங்கல் முகாமுக்குப் பொதிகளோடு போனால், எங்களுக்கு முன்பே வேறு வாகனங்கள் நிற்கின்றன. பொதியை வாங்கிய ஓர் அம்மா, "அரிசி கிடக்கிறது பிள்ளை, எங்கள் கிணற்றில் மலசலகூடத் தண்ணீர் கலந்துவிட்டதா என்று பார்க்க உங்களிடம் ஆள் இல்லையா?" என்று கேட்டார். ஆளும் இருக்கிறது, ஆய்வுகூடமும் இருக்கிறது. யாரைக் கேட்டு, எங்கே தொடங்குவது? ஊரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அராலியான்

அந்த அம்மாவுக்கு முதலில் ஒரு கும்பிடு. எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளமெல்லாம் வழுக்கையாற்றால் வந்து எங்கள் அராலியைத் தாண்டித்தான் கடலேரியில் விழும். ஆகவே வெள்ளம் எங்களுக்குப் புதினம் இல்லை.

சோறு போட ஆட்கள் உண்டு. கோயில் மடம், கூட்டுறவுச் சங்கம், கனடாவிலிருக்கும் ஊர்ச் சங்கம் என்று முதல் நாட்களில் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தண்ணீர் வடிந்து சனம் வீடு திரும்பும்போதுதான் ஒருவரையும் காணக் கிடைக்காது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கிணற்றையே எடுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மலக்குழியில் கிடப்பது வடிபடாமலே அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போய்விடும். வெள்ளம் வற்றியதும் சனம் மோட்டாரைப் போட்டு அடிமட்டம் வரை இறைக்கிறது. சுற்றிலும் நிலம் ஊறிக் கிடக்கையில் அப்படி இறைத்தால் கிணற்றுக் கட்டு இடிந்து உள்ளே விழலாம். கரையோரமென்றால் நல்ல தண்ணீருக்குக் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தவர்கள் பட்ட பாடு இதுதான்.

அடுத்தது குளோரின் தூள். பக்கத்து வீட்டார் ஒரு சிரட்டை போட்டாரென்றால் இவர் இரண்டு சிரட்டை போடுவார். விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் நிற்கும் கிணற்றில் ஏறக்குறைய 14,000 லீற்றர் இருக்கும். தண்ணீர் இன்னும் ஒரு மீற்றர் உயர்ந்தால் 21,000. வீட்டுக்கு வீடு இதை அளந்து, எவ்வளவு தூள் என்று தாளில் எழுதிக் கொடுக்க ஓர் அளவு நாடாவும் இரண்டு மாணவர்களும் போதும்.

வெள்ளம் எந்த மதிலில் எவ்வளவு உயரம் நின்றது என்று புவியியல் மாணவர்கள் அளந்து வரைபடமாக்கினால், எந்த மதகு அடைபட்டுக் கிடந்தது என்பதை அதிகாரிகள் மறுக்க முடியாதபடி காட்டலாம். மதிலில் இருக்கும் சேற்றுக் கோடு அடுத்த மழையோடு அழிந்துவிடும். பரீட்சை முடித்து வருகிறோம் என்றால் சரிவராது.

கோபத்தோடு ஒன்று சொல்கிறேன். முன்பு ஆய்வென்று சொல்லி வந்தவர்கள், எத்தனை ஆடு செத்தது, இரவில் நித்திரை வருகிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். முடிவு என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்காவது மாநாட்டில் வாசித்திருப்பார்கள். இப்போது படிவத்தைக் கண்டாலே எங்கள் பெண்கள் அடுப்படிக்குள் போய்விடுகிறார்கள். நீங்கள் வந்தால், கண்டதை ஒரு தாளில் தமிழில் எழுதி வாசிகசாலையில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்

கிணற்றைப் பற்றி அராலியார் சொன்னது சரி. ஆனால் நேரே ஊருக்குள் இறங்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொல்லி, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போங்கள். சோடாப் போத்தலில் பிடித்த தண்ணீர் கிருமிச் சோதனைக்கு உதவாது. கிருமி நீக்கிய போத்தல் வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டும், அன்றைக்கே ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். குளோரின் இட்ட கிணறென்றால் போத்தலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, கிணறு சுத்தம் என்று பொய் முடிவு வரும்.

2024 டிசெம்பரில் நம் மாவட்டத்தில் காய்ச்சலால் சிலர் இறந்தது நினைவிருக்கிறதா? என்ன காய்ச்சல் என்று முதலில் தெரியாமல் சனம் பயந்துபோயிருந்தது. பரிசோதனையில்தான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வெடிப்போடு இறங்கினால் போதும். வயலில் இறங்குபவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், விழுங்க மாட்டார்கள். மருத்துவ பீடப் பிள்ளைகள் வரம்பில் நின்று விளங்கப்படுத்தினால் அது பெரிய உதவி.

பழைய உறுதி

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் நனைந்தவர்களை ஒருவரும் நினைப்பதில்லை. பிரதி எடுக்க எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று சொல்லச் சட்டத்துறை மாணவர்கள் ஒரு மேசை போட்டால் போதும். நூலகத்தில் வேலை செய்பவர்களையும் கூட்டி வாருங்கள். நனைந்த தாளை வெயிலில் போடாமல், ஒற்றுத்தாள் வைத்து நிழலில் உலர்த்த அவர்களுக்குத் தெரியும்.

வளாகத்துப் பிள்ளை

நன்றி ஐயா. திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் பேசுகிறேன். ஒரே நாளில் ஊர்க் கிணறு முழுவதையும் பார்க்க முடியாது. எந்த வீடுகளிலிருந்து தொடங்கலாம்?

அராலியான்

மலக்குழிக்குக் கிட்டக் கிணறு உள்ள வீடுகள் முதலில், அதிலும் கைக்குழந்தை உள்ள வீடுகள். பட்டியல் நான் எழுதித் தருகிறேன், கிராம அலுவலரிடமும் சொல்லிவைக்கிறேன். சனிக்கிழமை வந்தால் ஆட்கள் வீட்டில் நிற்பார்கள். நீளமான அளவு நாடாவாகக் கொண்டுவாருங்கள், நிலையத்தில் இருப்பது தையல் நாடா.