எழுத்தே இல்லாத ஆப் எங்கட சனத்துக்கு சரிவருமா?

உவர்மலை_பொடியன்:
திருகோணமலையில திருக்கடலூர் பக்கம் கடலுக்கு போற ஆக்களுக்கு காத்து எவ்வளவு, மீன் என்ன விலைக்கு போகுதெண்டு காட்ட ஒரு ஆப் செய்யிறம். வாசிக்க கஷ்டப்படுற ஆக்கள் கனபேர், அதால எழுத்தே வேண்டாம் முழுக்க படம் போடுவம் எண்டுறன். 1931ல இலங்கையில சர்வசன வாக்குரிமை வந்த நேரம் சனம் வோட்டுப்பெட்டியின்ர நிறத்த பாத்து வோட்டு போட்டது, இப்பவும் சின்னத்த பாத்துத்தானே புள்ளடி போடுறம்.

கிண்ணியா_பாலம்:
தம்பி, சின்னத்த மாசக்கணக்கா போஸ்டர், மீட்டிங் எண்டு மண்டைக்குள்ள ஏத்திப்போட்டுத்தான் வோட்டு கேக்கிறாங்க. உங்கட ஆப்புக்கு ஆர் மீட்டிங் வைக்கிற? எங்கட உம்மாக்கு பேங்க் ஆப்ப காட்டினா முதல் பக்கத்துக்கு போற வீட்டு படத்த பாத்துட்டு "இது வீட்டு லோன், தொடாத மகன்" எண்டுறா 😄

உவர்மலை_பொடியன்:
அது படத்தின்ர பிழை அண்ணை, கீறினவன்ர பிழை. மைக்ரோசொப்ட் ரிசர்ச்ல இந்திராணி மேதி எண்டவ பெங்களூர்ல வீட்டு வேலைக்கு போற பொம்பிளையளோட இருந்து எழுத்தில்லாமலே வேலை தேடுற ஸ்கிரீன் செய்து காட்டினவ.

கிண்ணியா_பாலம்:
அத முழுசா வாசிங்க. அதில குரல் இரிக்கி, இலக்கமும் இரிக்கி, எடுத்தது எழுத்த மட்டும்தான். நீங்க ரெண்டையும் தூக்கிட்டு படத்த மட்டும் வெச்சிருக்கீங்க.

இறக்கக்கண்டி_வள்ளம்:
நான் கடலுக்கு போறவன் எண்டபடியா சொல்றன். அப்பாக்கு பேர் எழுத கஷ்டம் ஆனா இலக்கத்தில ஆரும் அவர ஏமாத்தேலாது, மீன் நிறுக்கிற இடத்தில பாத்தா தெரியும். காத்துக்கு மரம் சாயிற படத்த போட்டா அது மணிக்கு 30 கிலோமீற்றரா 60ஆ? 30 எண்டா போவம், 60 எண்டா வள்ளத்த இழுத்து மேல போட்டுட்டு படுப்பம். இலக்கத்த பெரிசா போடுங்க, பக்கத்தில சிவப்போ பச்சையோ என்னவோ போடுங்க. மெனுவுக்குள்ள மெனு வைக்காதீங்கோ, உள்ள போனா திரும்பி வரத்தெரியாம போன ஓஃப் பண்ணிட்டு திரும்ப போடுறார் மனுசன்.

உவர்மலை_பொடியன்:
சரி இலக்கம் இருக்கட்டும். குரல் வேண்டாம், எஞ்சின் சத்தத்தில ஆருக்கு கேக்கும்?

இறக்கக்கண்டி_வள்ளம்:
காத்த கரையில நிண்டுதான் பாக்கிறம், நடுக்கடலில பாத்து என்ன செய்யிற?

கிண்ணியா_பாலம்:
காசு அனுப்புறதும் இந்த ஆப்பிலயே வரும் எண்டு போன கிழமை போட்டிருந்தீங்களே. காசு அனுப்பக்குள்ள ஓடிபி எண்டு ஒருக்கா மட்டும் பாவிக்கிற ரகசிய நம்பர் வருமே, அந்த மெசேஜ்ல ஆறு இலக்கத்த எல்லாரும் வாசிப்பாங்க, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டுற வரிதான் இங்கிலீஷ்ல கிடக்கும். கோல் எடுத்து கேக்கிறவனுக்கு நம்பர கொடுத்துடுவாங்க. அந்த வரிக்கு என்ன படம் கீறுவீங்க?

உவர்மலை_பொடியன்:
வாயில விரல் வெச்ச மாதிரி ஒண்டு…

கிண்ணியா_பாலம்:
அத பாத்துட்டு போன சைலன்ட்ல போடுவாங்க தம்பி.