மறு: ஃபயர் லுக்அவுட்டுக்குத் தமிழ்ல என்ன? (கோபுரம் வேணாமே)

எல்லாருக்கும் வணக்கம்,

காட்டுத்தீ வருதான்னு மலை உச்சில ஒரு ஆள் உக்காந்து பாக்கிற இடம்தான் ஃபயர் லுக்அவுட், போன வாரம் அதுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு எழுதினது நான்தான். வந்த பரிந்துரைல முக்கால்வாசி கோபுரத்துல போய் முடியுது. தீ நோக்குக் கோபுரம், தீக் கண்காணிப்புக் கோபுரம், காட்டுத்தீ காவற்கோபுரம். காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா சியாட்டில் பக்கம் நான் ஏறிப் பாத்ததுல பாதிக்கு மேல கோபுரமே கிடையாது, அதான் சிக்கல்.

போன சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு பில்சக் மலை போயிருந்தேன். 5300 அடிக்கு மேல, போக வர அஞ்சரை மைல் வரும், கடைசியில பெரிய பெரிய பாறை மேல கையும் காலும் ஊணி ஏறணும், அப்புறம் ஒரு ஏணி, ஏணி முடிஞ்சா பாறை மேலயே குந்த வச்ச மாதிரி ஒரு மரவீடு. வழியெல்லாம் "மேல தீக் கோபுரம் இருக்கு பாரு"ன்னு ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனேன், மேல போனதும் சுத்திப் பாத்துட்டு "கோபுரம் எங்கப்பா?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல.

யோசிச்சுப் பாத்தா காரணம் சுலபம். மொட்டைப் பாறையா இருக்கிற உச்சில மலையே கோபுரம், அது மேல இன்னொரு கோபுரம் எதுக்கு, நாலு பக்கமும் கண்ணாடி வச்ச ஒரு ரூம் போதும். உச்சி வரைக்கும் மரம் மூடின மலைன்னா மரத்துக்கு மேல தலை நீட்டணும், அங்கதான் உயரமான கால் தேவைப்படுது. ரெய்னியர் மலைப் பூங்காவுல இன்னைக்கு மிச்சம் இருக்கிறது ஃப்ரீமான்ட், டோல்மி, ஷ்ரைனர், காப்ளர்ஸ் நாப்னு நாலு, எதுக்கும் எஃகுக் கால் இல்ல, மிஞ்சிப்போனா ரெண்டு மாடி. 1930கள்ல இந்த மேற்குப் பக்கம் நிறைய கட்டினது 14க்கு 14 அடி மரவீடு, பலகை சட்டம் ஜன்னல் எல்லாம் கோவேறு கழுதை மேல ஏத்தி மேல கொண்டு போய்க் கோத்தது. ஜன்னலுக்கு மேல பலகைக் கதவு இருக்கும், வெயில் காலத்துல தூக்கி முட்டுக் குடுத்தா நிழல், பனி வந்தா இறக்கி மூடிட்டுக் கீழ வந்துடலாம்.

அதனால என் பரிந்துரை: தீப்பரண். கொல்லையில சோளமோ தினையோ முத்துற நேரத்துல நாலு கம்பு நட்டுப் பரண் போடுவாங்கல்ல, ஒரு ஆள் மேல உக்காந்து கிளியும் பன்னியும் வருதான்னு பாப்பாரு, அறுப்பு முடிஞ்சா இறங்கிடுவாரு. இதுவும் அதே வேலைதான், கோடை முழுக்க ஒத்தை ஆள் மேல உக்காந்து பாக்கணும், கண்டா சத்தம் குடுக்கணும், மழை வந்தா இறங்கணும். உயரம் எவ்வளவுங்கிறது பரணுக்கு முக்கியமே இல்ல, காவல்தான் முக்கியம்.

என்ன சொல்றீங்க?

- - -

அண்ணே,

பரண் நல்லாருக்கு, ஆனா நீங்க மேற்குக் கரையை மட்டும் வச்சுப் பேசுறீங்க. நான் இருக்கிறது நியூஜெர்சி, நாங்க போறது நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில், ஆடிராண்டாக் மலைங்க. இங்க எல்லாம் அசல் டவர்தான். ஹன்டர் மலை 4040 அடி, அது மேல 60 அடி எஃகு டவர், காத்தடிச்சா படி ஆடும், எனக்கு பாதியிலயே கால் நடுங்கிடுச்சு, மேல போகாமலே போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கினேன் (வீட்ல சொல்லல). இந்த டவரை எல்லாம் நிறைய செஞ்சு குடுத்தது சிகாகோவுல காத்தாடி செய்ற ஏர்மோட்டார் கம்பெனி, கிணத்துல தண்ணி இறைக்கிற காத்தாடிக்கு அடிச்ச அதே எஃகுக் கால்தான், தலைல காத்தாடிக்குப் பதிலா ஒரு ரூம். இதைப் போய் பரண்ணு சொன்னா டவரே கோவிச்சுக்கும்.

அப்புறம் பரண்ணா எங்க வீட்ல பழைய பாத்திரம் போட்டு வைக்கிற இடம். தீப்பரண்ணா பரண் தீப்பிடிச்ச மாதிரி ஒரு பயம் வருது.

இன்னொண்ணு, உள்ள நடுவுல ஒரு வட்ட மேசை வச்சிருப்பாங்களே, மேல மேப் ஒட்டினது, அதுக்கும் சேத்து ஒரு பேரு குடுங்க.

- - -

தம்பிகளுக்கு,

பரணுக்குச் சங்கத்திலேயே நல்ல பெயர்கள் இருக்கின்றன. இதணம், கழுது, பணவை. குறிஞ்சிப்பாட்டில் வரும் "புலி அஞ்சு இதணம்" மரத்தின் மேல் கட்டியது, தினைப்புனம் காக்க. அதைக் கட்டியவனைச் சேணோன் என்கிறது பாட்டு, உயரத்தில் இருப்பவன் என்று பொருள். இடத்துக்கு இதணம், ஆளுக்குச் சேணோன், இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. புதிதாக ஏன் சிரமப்பட வேண்டும்?

- - -

ஐயா, வணக்கம்.

இதணம்ங்கிற சொல் மேல எனக்கும் ஆசைதான். ஆனா மலைக்குக் கீழ போர்டு பக்கத்துல நின்னு பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லணும்னா இதணத்துக்கு ஒரு விளக்கம் குடுத்து அப்புறம் லுக்அவுட்டுக்கு ஒரு விளக்கம் குடுக்கணும், ரெண்டு மலை ஏறின மாதிரி ஆயிடும். பரண்னா ஊருக்குப் போன பிள்ளைக்கெல்லாம் தெரியுது. அது போக, அந்தப் பாட்டுல கானவர் பரண் மேல இருந்துக்கிட்டு ஞெகிழி, அதாவது தீக்கொள்ளி, கொளுத்துறாங்க, நம்ம ஆள் நெருப்பு எங்க வருதுன்னு பாக்கப் போனவரு, இந்த முரண் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

சேணோன்ல இன்னொரு சிக்கல் இருக்கு ஐயா. 1913லயே கலிபோர்னியாவுல எடி கல்ச் உச்சில வேலைக்குச் சேந்தவங்க ஹாலி டாகெட்னு ஒரு அம்மா, அமெரிக்க வனத்துறை இந்த வேலைக்கு எடுத்த முதல் பெண். அதனால -ஓன் சரிவராது, சேணோர்னு வேணா வைக்கலாம். தீக்காவலர்னு வச்சா போலீஸ்காரர் ஞாபகம் வருது. பரண்ல இருக்கிறவர் பரணர்னு வச்சிடலாமான்னு வீட்ல சிரிச்சுக்கிட்டோம், கபிலரைத் துணைக்குத் தேடணும். இப்போதைக்கு ஆளுக்கு வெறும் "பரண்காவலர்"னு வச்சிருக்கேன், யாருக்காவது இதைவிட நல்லதாத் தோணினா மாத்திக்கலாம்.

நியூஜெர்சித் தம்பிக்கு: உங்க எஃகு டவரை நான் மறுக்கல. அதைப் "பரண்கோபுரம்"னு தனியா சொல்லிக்கலாம். பொதுச்சொல் தீப்பரண், அதுல ஒரு வகை பரண்கோபுரம். மாத்திப் போட்டாத்தான் இடிக்குது, கோபுரம்னு பொதுவா வச்சா பில்சக்கும் டோல்மியும் வெளிய நிக்கும். பாத்திரப் பரண் விஷயம் சரிதான், ஆனா தீப்பெட்டின்னா பெட்டி எரியுதுன்னு யாரும் நினைக்கலையே.

நடுவுல நான் "புகைப்பரண்"னு கூட யோசிச்சேன். ஏன்னா மேல இருக்கிறவங்க தேடுறது தீயை இல்ல, புகையைத்தான், தீ கண்ணுக்குத் தெரியிற நேரத்துக்குப் பாதி மலை போயிருக்கும். ரேடியோவுலயும் "ஒரு புகை தெரியுது"ன்னுதான் சொல்வாங்க. பொருளுக்கு அதுதான் பொருத்தம், ஆனா எங்க பாட்டி வீட்ல அடுப்புக்கு மேல ஒரு பரண் உண்டு, புகையில காயட்டும்னு உப்புக்கண்டம் தொங்கும், அதுதான் எனக்குப் புகைப்பரண். விட்டுட்டேன்.

இப்ப அந்த வட்ட மேசை. பேரு ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர், ஆஸ்போர்ன்கிற வனத்துறைக்காரர் 1910களோட தொடக்கத்துல செஞ்சது. நடுவுல அந்த இடத்தோட மேப், பரண் இருக்கிற புள்ளி சரியா மையத்துல. சுத்தி 360 பாகை குறிச்ச வளையம், அது மேல சுழல்ற சட்டத்துல ஒரு பக்கம் சின்னக் கீறல், எதிர்ப்பக்கம் நட்டுக்குத்தா ஒரு குதிரைமயிர். கீறல் வழியாப் பாத்து மயிர் புகை மேல விழுற மாதிரி சுத்தினா வளையத்துல திசை பாகைக் கணக்குல வந்துடும். ஆனா திசை மட்டும்தான், தூரத்தைக் கண்ணால மதிக்கணும். பக்கத்து மலைல இருக்கிறவரும் அதே புகைக்கு ஒரு திசை சொன்னா ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல தீ. ஒத்தைப் பரண் அரைக் கண்ணுன்னு இதைப் பாத்தப்பதான் புரிஞ்சுது, ஏன் இவ்வளவு மலைல இவ்வளவு நெருக்கமாக் கட்டினாங்கன்னும்.

இதுக்கு "தீத்திசைமானி". திசைகாட்டின்னா காம்பஸ் ஆயிடும், தீகாட்டின்னா தீயை இதுவே கண்டுபிடிக்குதுன்னு ஆயிடும், இது அளக்குது அவ்வளவுதான், அதனால மானி. இன்னொரு சாமானுக்குப் பேர் வைக்க மனசே வரல, இடி நேரத்துல ஏறி நிக்கிற முக்காலி, நாலு கால்லயும் கண்ணாடிக் குமிழ் மாட்டினது. மின்னல் மலை மேல இறங்கினா ஆளுக்குத் தரையோட தொடர்பு இருக்கக் கூடாதுன்னு. நாலு கால் இருக்கு, முக்காலின்னே எழுதிட்டேன் பாருங்க, மின்னல் மணைன்னு வச்சுக்கலாமா?

ஒரு அம்மா தனி மடல்ல "இவ்வளவு கட்டினதுக்கு என்ன காரணம்"னு கேட்டிருந்தாங்க. பெரிய காரணம் 1910. ஆகஸ்ட் 20, 21 ரெண்டே நாள்ல ஐடஹோ வடக்கும் மொன்டானா மேற்கும் சேந்து 30 லட்சம் ஏக்கர் கிட்ட எரிஞ்சுது, 80 பேருக்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல தீயணைக்கப் போனவங்க. அப்புறம்தான் சின்னதா இருக்கும்போதே பாத்துடணும்னு வேகம் வந்துச்சு. 1933க்கு அப்புறம் வேலையில்லாத பையன்களைச் சேத்து அரசாங்கம் நடத்தின படை நிறையக் கட்டுச்சு, நாம ஏறுற பாதைல பலதும் அவங்க வெட்டினதுதான். பின்னாடி விமானம் வந்துச்சு, செயற்கைக்கோள் வந்துச்சு, பரண் பெரும்பாலும் காலியாச்சு, சிலதைத் துறையே கொளுத்தியும் விட்டுச்சு. தீ பாக்கக் கட்டினதைத் தீ வச்சே முடிச்சிருக்காங்க.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களோட ஹேப்ரூக் தீப்பரணுக்குப் போறோம், ஏத்தம் ஒரு மைல் சொச்சம்தான், மேல நிஜமாவே உயரமான மரக்கால் இருக்கு, நியூஜெர்சித் தம்பி வந்தா பாதில நிக்கலாம். பிள்ளைங்களுக்குக் குடுக்கிற தாள்ல தீப்பரண், பரண்கோபுரம், தீத்திசைமானி மூணும் போட்டாச்சு. மாத்தணும்னா வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பிரின்ட் எடுக்கணும்.