கேரவனின் உடைந்த கமான் பட்டை: ஒன்றை மாற்றினால் போதுமா, கட்டு முழுவதையும் மாற்ற வேண்டுமா?

திருவொற்றியூர் வண்டிக்காரர்:
படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விடும் சிறிய கேரவன் ஒன்று என்னிடம் இருக்கிறது. சென்ற வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, பின்பக்க இடது கமான் கட்டில் (வண்டியின் பாரத்தைத் தாங்கும், எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) மிக நீளமான மெயின் பட்டையும் அதற்கு அடுத்த பட்டையும், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி முறிந்துவிட்டன. வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்கிறார் ஒருவர். முறிந்தவற்றை மட்டும் மாற்றலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பக்கமும் புதுக் கட்டு போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

மூலக்கடை பட்டறைக்காரர்:
வெல்டிங் பேச்சையே விட்டுவிடுங்கள். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பட்டை மறுபடி முறிவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு பட்டை உடைந்ததற்காக நல்ல பட்டைகளையும் சேர்த்துக் கழிவு இரும்புக்குப் போடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தேய்த்துத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்தபின் சுண்ணாம்புத் தூள் பூசினால், விரிசல் இருக்குமிடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டிவிடும். கோடு காட்டாத பட்டை நல்ல பட்டை. அதே அகலமும் கனமும் உள்ள பட்டையைத் தேடி எடுத்து, பழைய வளைவைத் தரையில் சாக்குக் கட்டியால் வரைந்து, அதற்குப் பொருந்துமாறு காய்ச்சி வளைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

எண்ணூர் உலோகப் பொறியாளர்:
ஐயா, உங்கள் சுண்ணாம்புச் சோதனையை மதிக்கிறேன். பட்டையில் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது என்பதால் அது உண்மையிலேயே பயன் தரும். காய்ச்சி வளைப்பதைத்தான் மறுக்கிறேன். ஸ்பிரிங் எஃகை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450 டிகிரிக்கு அருகில் சூடேற்றிப் பதப்படுத்துவதால்தான் பட்டைக்குத் துள்ளும் தன்மை வருகிறது. துருத்தி நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து அந்த இரண்டாவது சூட்டைப் பிடிப்பது மிகவும் கடினம். அந்தச் சூடு குறைந்தால் பட்டை கண்ணாடிபோல் உடையும், மிஞ்சினால் சில மாதங்களில் நிமிர்ந்துவிடும்.

வண்டிக்காரர் பட்டையின் முறிந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் கறுத்துத் துருப்பிடித்த பகுதி பழைய விரிசல். பளபளக்கும் பகுதிதான் அன்று முறிந்தது. கடற்கரை உப்புக் காற்றில் பட்டைகளுக்கு இடையே துரு அரித்த சிறு குழிகளும் விரிசலுக்கு வித்தாகும். ஒரே கட்டில், ஒரே காலம், ஒரே பாரம் தாங்கிய மற்ற பட்டைகளும் களைத்திருக்கும். அந்தக் களைப்பைச் சுண்ணாம்பு காட்டாது.

திருவொற்றியூர் வண்டிக்காரர்:
பார்த்தேன். மெயின் பட்டையில் முக்கால் பங்கு கறுத்திருக்கிறது.

தண்டையார்பேட்டை ஓட்டுநர்:
நான் வெல்டிங் வைத்து ஆறு மாதம் டிரெய்லர் ஓட்டியிருக்கிறேன்.

மூலக்கடை பட்டறைக்காரர்:
தம்பி, டிரெய்லர் துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கமானுக்கு ஓய்வு கிடைக்கிறது. கேரவன் என்றைக்கும் காலியாக ஓடுவதில்லை. கட்டில், ஏசி, கழிப்பறை, தண்ணீர் எல்லாம் இரவும் பகலும் அதன் முதுகிலேயே இருக்கின்றன.

பொறியாளருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முக்கால் பங்கு கறுத்த பட்டை என்றால் கட்டு முழுவதும் மாறட்டும், அதில் இனி நான் வாதாடவில்லை. ஆனால் உடைந்தது சென்டர் போல்ட் துளையில். கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ கிளாம்ப் இறுக்கமாக இருக்கும்வரை அச்சின் மேலுள்ள நடுப்பகுதி வளையாது. அது தளர்ந்தவுடன், துளை விழுந்து நலிந்த அந்த இடமே வளையத் தொடங்கும். இதைக் கவனிக்காமல் புதுக் கட்டு போட்டால் புதுக் கட்டும் உடையும். ஏன் இடது பக்கம் மட்டும் உடைந்தது என்று யாருமே கேட்கவில்லையே! ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?

எண்ணூர் உலோகப் பொறியாளர்:
அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 500 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. வண்டிக்காரர் தொட்டியை நிரப்பி, எடை மேடையில் முதலில் முழு வண்டியையும், பிறகு இடது சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே கட்டு மாற்ற வேண்டும் என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

திருவொற்றியூர் வண்டிக்காரர்:
இன்று காலை மாதவரத்தில் எடை பார்த்தேன். இடது பக்கம் வலதைவிட 340 கிலோ கூடுதல். ஜெனரேட்டர், தொட்டி இரண்டுமே இடது பக்கத்தில்தான் இருக்கின்றன. தொட்டியை வலது பக்கத்துக்கு மாற்றும் வேலை நாளை தொடங்குகிறது. அது முடிந்து மறுபடி எடை பார்த்த பிறகு, இரண்டு பக்கமும் புதுக் கமான் கட்டும் புது யூ கிளாம்ப்களும் மூலக்கடை அண்ணன் பட்டறையிலேயே போட்டுக்கொள்கிறேன். அண்ணே, முதல் ஓட்டம் முடிந்ததும் கிளாம்ப்களை மறுபடி இறுக்க வண்டியைக் கொண்டுவருவேன். அதற்கு ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள்.