படகு அடுப்புக்கு சி.என்.ஜி. தேடி அலைந்த கதை: உங்களுக்கும் உண்டா?

படகு மெக்கானிக், பத்து மாவுங்

சில வருடம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை. பினாங்கில், ஜெரெஜாக் தீவை ஒட்டி நங்கூரம் போட்டிருந்த ஒரு பாய்மரப் படகில் தண்ணீர் பம்ப் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். அமெரிக்கத் தம்பதி, இருவருக்கும் எழுபது வயதிருக்கும். படகு 1980களில் அவர்கள் ஊரில் கட்டியது. வேலை முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா, "அடுப்புக்கு கேஸ் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று, "எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 சென்" என்று விலையோடு சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே படுத்திருந்தது நம் வீட்டுத் தோம்பு இல்லை. வெல்டிங் கடையில் சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தியிருப்பார்களே, அந்த மாதிரி நீளமான இரும்பு உருளை. சி.என்.ஜி., அதாவது அழுத்தி அடைத்த இயற்கை வாயு.

எதற்கு இந்த வம்பு என்று அவரையே கேட்டேன். நாம் வீட்டில் எரிக்கும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். அதிலுள்ள புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து விரட்டலாம். படகோ ஒரு கிண்ணம் மாதிரி. கசிந்த வாயு அடிமட்டத்துக்கு இறங்கி, எஞ்சின் பக்கத்தில் தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டர் ஒரு பொறி தட்டினால் போதும். சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு. கசிந்தாலும் மேலே ஏறி திறப்பு வழியாக வெளியே போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் அமெரிக்கப் படகுகள் சிலவற்றில் இதையே வைத்துக் கொடுத்தார்கள். யோசனை நல்ல யோசனைதான், ஊரை விட்டு வெளியே வராதவரை.

சரி, நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, உருளையை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் வழக்கமாக வாங்கும் கேஸ் கடை. கடை முதலாளி தவுக்கே அதைத் தொடக்கூட இல்லை, கையை மட்டும் ஆட்டினார். அப்புறம் பாலம் ஏறி பிறைக்குப் போனேன், தொழிற்சாலைகளுக்கு வாயு விற்கும் ஒரு இடம். அங்கே இருந்த பெரியவர் விஷயம் தெரிந்தவர். டார்ச் அடித்து உருளையின் தோள்பட்டையைத் துணியால் துடைத்தார். உப்புப் பூத்த இரும்பில் எண்கள் குத்தியிருந்தன. கடைசியாக அழுத்தச் சோதனை செய்து ஒன்பது வருடம். "இந்த மாதிரி உருளைக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை சோதனை வேண்டும் தம்பி. இதில் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல் ஏற்ற வேண்டும். என் ஆட்களை இதன் பக்கத்தில் நிற்க விடமாட்டேன்" என்றார். சோதனை செய்து கொண்டுவந்தாலும் அவர்கள் குழாய்முனைக்கும் இதன் வால்வுக்கும் மரை ஒத்துப்போகாது என்றும் காட்டினார். கோபம் வரவில்லை. சரியாகத்தான் பேசினார்.

மூன்றாவது இடம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். "எல்.பி.ஜி.யையே இதில் ஊற்றித் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு" என்றான் ஒருவன். உருளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வு பெற்ற டாக்சி டிரைவர், கோலாலம்பூர்

தம்பி, உன் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். என் டாக்சி என்.ஜி.வி.யில் ஓடியது. அதுவும் இதே சி.என்.ஜி.தான், பெயர்தான் வேறு. வண்டியின் பின்பெட்டியைத் திறந்தால் தோம்புதான் உட்கார்ந்திருக்கும். விமான நிலையத்துச் சவாரிக்கு இரண்டு பெட்டி வந்தால் ஒன்றைப் பயணி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு காலத்தில் 68 சென்னுக்கு அடித்தோம், அந்த மலிவுக்காகப் பொறுத்துக்கொண்டோம்.

ஒரு நாள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர், நீ சொன்ன மாதிரியே ஒரு உருளையோடு ஏறினார். ஏற்றியதில் என் முதுகுதான் போனது. பம்ப் பையன் பார்த்ததுமே மாட்டேன் என்றான். வண்டியில் பொருத்திய தோம்புக்கு மட்டும்தானாம், தூக்கிக்கொண்டு வருவதற்குக் கிடையாதாம். முனையும் பொருந்தவில்லை. அந்த ஆள் என் பக்கம் திரும்பி, "உங்கள் டாக்சித் தோம்பிலிருந்து கொஞ்சம் மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டார். ஏதோ பக்கத்து வீட்டில் ஒரு கப் சீனி கேட்பது மாதிரி! 200 பார் அழுத்தம். முடியாது சார் என்று கும்பிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். மீட்டருக்குப் பாதிதான் வாங்கினேன், பாவம்.

இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வண்டித் தோம்புகளின் பாதுகாப்பான ஆயுள் 15 வருடம்தான், பெரும்பாலானவை அதைத் தாண்டும் நிலைக்கு வந்துவிட்டன என்று 2025 ஜூலை 1லிருந்து என்.ஜி.வி.யையே நிறுத்திவிட்டார்கள்.

கப்பல் சமையல்காரி, தஞ்சோங் தொக்கோங்

நான் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையிலிருந்து லங்காவிக்குப் போய்வரும் படகுகளில் சமைத்தவள். இந்த சி.என்.ஜி. அடுப்பு ஒன்றில் எனக்கும் பாடு உண்டு. முதலாளி சிக்கனக்காரர். உருளை காலியானதும் வெளியே ஒரு எல்.பி.ஜி. தோம்பை வைத்து, குழாயை மட்டும் மாற்றி, அதே அடுப்பில் சமைக்கச் சொன்னார். பற்றவைத்தேன். தீ நீலமாக வரவில்லை, மஞ்சளாக ஒரு முழம் எழும்பியது. புளிக்குழம்பு கொதிப்பதற்குள் சட்டியின் அடி முழுக்கக் கரி. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. திரைச்சீலை தப்பியது மாரியம்மன் புண்ணியம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரே அளவு வாயுவில் புரொப்பேனுக்கு மீத்தேனைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு. மீத்தேன் அடுப்பின் ஜெட்டில், அதாவது வாயு வெளிவரும் முனையில், துளை பெரிது. அதில் எல்.பி.ஜி.யை விட்டால் அளவுக்கு மீறிப் பாயும். ஜெட் எல்லாம் மாற்ற வேண்டும், ரெகுலேட்டர் மாற்ற வேண்டும், ஓவனுக்குள் இருக்கும் பர்னரும் சேர்த்து. தோம்புக்கு உள்பக்கம் கசியாத தனிப் பெட்டி, அதன் அடியிலிருந்து தண்ணீர்க் கோட்டுக்கு மேலே கடல் பக்கம் திறக்கும் குழாய். அடுப்புப் பக்கத்திலிருந்தே கேஸை நிறுத்த ஒரு மின் வால்வு, தரையை ஒட்டி ஒரு கசிவு மணி. இத்தனையும் செய்தால்தான் மாற்றினேன் என்று சொல்லலாம்.

இளைஞர், பட்டர்வொர்த்

எதற்கு இவ்வளவு சிரமம்? மேசையில் ஸ்டீம்போட் சூப் வைக்கும் கேன் அடுப்பு போதாதா? நான் வார இறுதி மீன்பிடிப்புக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன். எந்தக் கடையிலும் கேன் கிடைக்கும்.

படகு மெக்கானிக், பத்து மாவுங்

தம்பி, திறந்த சாம்பான் படகில் ஒரு வேளை கறி சுட என்றால் சரி. உள்ளறை இருக்கும் படகில் அந்தக் கேன்களை அடுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடல் உப்பில் மூன்று மாதத்தில் அடிவளையம் துருப்பிடிக்கும். உள்ளே இருப்பது பியூட்டேன், எல்லாவற்றிலும் கனமானது. சி.என்.ஜி. கிடைக்கவில்லை என்று எதிலிருந்து தப்பிக்க நினைத்தார்களோ அதையே தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதா?

அக்கா சொன்னதுதான் வழி. அந்தத் தம்பதிக்கும் கடைசியில் அதைத்தான் செய்தோம். பழைய அடுப்புக்கு ஜெட் தேடுவதைவிடப் புது எல்.பி.ஜி. அடுப்பே மேல் என்று முடிவானது. அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை, முப்பது வருடம் சமைத்த அடுப்பு. கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர்கள் உருளையில் அடைபட்டிருப்பது, சாதாரண அழுத்தத்தில் அளந்தால், 80 கன அடி வாயு; எடை போட்டால் ஒன்றரைக் கிலோதான். நம் 14 கிலோ தோம்பில் அதைப் போல ஏழெட்டு மடங்கு சூடு இருக்கிறது. எல்லா இணைப்பிலும் சவுக்கார நுரை தடவி, ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் முதல் தேத்தண்ணீர் போட்டார்.

பழைய உருளையை என்னிடமே விட்டுப் போனார்கள். வாயுவை வெளியேற்றி, வால்வைக் கழற்றி, பட்டறை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். பத்து மணிக்கு ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் பக்கத்துப் பட்டறைப் பையன்கள்கூடக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.