41 டிஸ்க்வேர்ல்ட் நாவல்கள்: முதலில் எதை எடுப்பது?

மலையருவி:
டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களைப் படிக்க ரொம்ப நாள் ஆசை. விண்வெளியில் நீந்தும் ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான ஓர் உலகம் என்பது வரை தெரியும். 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள் என்று பார்த்ததும் மலைத்துவிட்டேன். முன்பு ஒருமுறை முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்'கை எடுத்துப் பாதியில் வைத்துவிட்டேன். மறுபடி அங்கேயே தொடங்க வேண்டுமா?

வரிசைவாசி:
அங்கேயேதான். எழுதப்பட்ட வரிசையில் படித்தால் ஓர் எழுத்தாளர் கண் முன்னால் வளர்வதைப் பார்க்கலாம். முதல் நாவலில் மரணம் ஒரு பாத்திரமாக வருகிறார். ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதி கைக்குச் சிக்காமல் தப்பிக்கொண்டே இருக்க, எரிச்சலோடு துரத்துகிறார், அவ்வளவுதான். 1991இல் வந்த 'ரீப்பர் மேன்' நாவலில் அதே மரணம் வேலை போய், ஒரு பண்ணையில் கூலியாளாகச் சேர்கிறார். விளைந்த கதிர்களை அரிவாளால் ஒவ்வொரு தாளாக அறுக்கிறார். கொத்தாக அல்ல, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாக மதிப்பவர் வேறெப்படி அறுப்பார்? துரத்திய மரணத்தைப் பார்த்தவருக்குத்தான் இந்த மரணத்தின் அருமை முழுதாகப் புரியும்.

இரவுக்காவல்:
அண்ணா, நீங்கள் சொன்ன இடம் எனக்கும் உயிர். ஆனால் அது பதினோராவது நாவல். முதல் நாவலிலேயே நின்றுபோனவர் அங்கே எப்படிப் போய்ச் சேருவார்? 'தி கலர் ஆஃப் மேஜிக்' அந்தக் காலத்து வாள்-மந்திரக் கதைகளைப் பகடி செய்யும் நாவல். அந்தக் கதைகளைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை போய்ச் சேராது. முடிவும் அந்தரத்தில் நிற்கும், 1986இல் வந்த இரண்டாம் நாவலில்தான் கதை முடியும்.

மலையருவி, எட்டாவது நாவலான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்கள். ஆங்க்-மார்ப்பார்க் நகரில் திருட்டுக்குக்கூடச் சங்கம் உண்டு. இவ்வளவுதான் திருடலாம் என்று அளவும் உண்டு, திருடியதற்கு ரசீதும் உண்டு. அங்கே சீந்துவாரில்லாத இரவுக் காவல் படையில் கேரட் என்று ஒரு பையன் புதிதாகச் சேர்கிறான். குள்ளர்கள் வளர்த்த பிள்ளை, ஆறடிக்கு மேல் உயரம். சட்டப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன். வந்த வேகத்தில் திருடர் சங்கத் தலைவரையே திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்துவிடுகிறான்! அந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பது அந்த ஒரு கைதிலேயே விளங்கிவிடும்.

வரிசைவாசி:
ஆனால் அந்த ஊர் முதல் நாவலிலேயே இருக்கிறதே, தம்பி. அதைத் தாண்டிக் குதித்தால் அடித்தளம் இல்லாமல் மாடிக்குப் போவது போல ஆகிவிடாதா?

இரவுக்காவல்:
ஆகாது. முதல் நாவலின் ஊர் சாகசக்காரர்கள் வந்து போகும் மேடை. 'கார்ட்ஸ்'இல்தான் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். அடுத்த காவல் நாவலான 'மென் அட் ஆர்ம்ஸ்'இல் காவல் படைத் தலைவர் வைம்ஸ் தன் பூட்ஸை வைத்து ஒரு கணக்குப் போடுவார். நல்ல ஜோடி ஐம்பது டாலர், பத்து வருஷம் உழைக்கும். ஏழையால் வாங்க முடிந்தது பத்து டாலர் ஜோடி, ஒன்றிரண்டு பருவத்தில் கிழிந்துவிடும். பத்து வருஷத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் அப்போதும் நனைந்துகொண்டுதான் இருக்கும். வறுமை எப்படி மேலும் செலவு வைக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை. சிரிக்கப் போன இடத்தில் இது வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

காவல் நாவல்களுக்குள் மட்டும் வரிசை தேவை, அதை ஒப்புக்கொள்கிறேன். 2002இல் வந்த 'நைட் வாட்ச்'சை முதலில் எடுத்துவிடாதீர்கள். வைம்ஸ் முப்பது வருஷம் பின்னால் போய் இளவயது வைம்ஸைச் சந்திக்கும் கதை அது. இவரைப் பல நாவல்களாகத் தெரிந்திருந்தால்தான் அந்தச் சந்திப்பு உலுக்கும்.

ஆமைநகர்கிறது:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 'ஸ்மால் காட்ஸ்', 1992. முன்னும் பின்னும் எதுவும் தெரிய வேண்டாம், தனிக்கதை. மாபெரும் கடவுள் ஓம் பூமிக்கு வந்து பார்த்தால் சிறு ஆமை உடலில் சிக்கிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரில் ஒரு பேரரசே நடக்கிறது, ஆனால் உண்மையாக நம்புகிறவன் புரூதா என்ற ஒரே ஒரு பையன். மற்றவர்கள் நம்புவது அமைப்பை, அதன் மேலுள்ள பயத்தை. மத நம்பிக்கையை இழிவு செய்யாமல் மத அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் நாவல்.

வரிசைவாசி:
அது அருமையான நாவல், மறுக்கவே மாட்டேன். ஆனால் கனமானது. சரி, முதல் நாவல் ஒட்டவில்லை என்றால் நான்காவதான 'மார்ட்' எடுக்கட்டும். 1987இல் வந்தது. மரணம் தனக்கு ஒரு சீடனைத் தேடும் கதை.

இரவுக்காவல்:
அதற்கு முழுச் சம்மதம் அண்ணா.

மலையருவி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். 'மார்ட்' பாதி ஆகிவிட்டது. வேலைக்கு ஆள் பிடிக்கும் சந்தையில் எல்லாப் பையன்களையும் யாராவது கூட்டிப்போக, மார்ட் மட்டும் நள்ளிரவு மணி அடிக்கும் வரை நிற்கிறானே, அங்கேயே மனசு ஒட்டிக்கொண்டது. மரணம் பேசுவதெல்லாம் மேற்கோள் குறி இல்லாமல் பெரிய எழுத்தில் இருப்பது முதலில் விசித்திரமாக இருந்தது, இப்போது அந்தக் குரல் காதில் கேட்கிறது. தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, மொழிபெயர்ப்பவர் இதற்கு என்ன செய்வார்? அடுத்து 'ரீப்பர் மேன்'தானே?

வரிசைவாசி:
அதேதான். அந்த அறுவடை வரும் இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.