இழுத்துப் போட்டு எடுத்த நகல் பூட் ஆகவில்லை: நிறுவல் சிடியைப் பிரதியெடுப்பது எப்படி?

கேள்வி: தாராவி ஊசிநூல்

வணக்கம். தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டி எங்கள் குடும்பம் சிறிய எம்பிராய்டரி பட்டறை ஒன்றை நடத்திவருகிறது. இயந்திரங்களுக்கு வடிவங்களை அனுப்பும் கணினியில் இன்றும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது; வடிவமைப்பு மென்பொருளும் அதனோடு வந்த டாங்கிளும் (உரிமச் சாவியாகச் செருகும் சிறு கருவி) அதற்குப் பிந்தைய எதிலும் வேலை செய்வதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டது என்பதை அறிவேன்; அந்தக் கணினிக்கு இணைய இணைப்பே கிடையாது என்பதால் அதை நினைத்து நான் கவலைப்படவில்லை. என் கவலை அதன் நிறுவல் சிடியைப் பற்றியது. அப்பா கணினியோடு சேர்த்து வாங்கி வைத்த அசல் சிடி. இந்த மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து பார்த்தபோது அதன் வெளிவிளிம்பில் விரல்நகம் அளவுக்கு மங்கிப்போயிருந்தது.

கைவிட்டுப் போவதற்குள் ஒரு நகல் எடுத்துவிடலாம் என்று, மடிக்கணினியில் வெளியிலிருந்து செருகும் டிவிடி ரைட்டரைப் பொருத்தி, சிடியில் இருந்த அனைத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு கோப்புறைக்குள் இழுத்துப் போட்டேன். ஒரே ஒரு கோப்பில் மட்டும் தடுக்கி நின்றது. இரண்டு மூன்று முறை மீண்டும் முயலச் சொன்னதும் அதுவும் வந்துவிட்டது. பிறகு அந்தக் கோப்புறையில் உள்ளவற்றைப் புதிய சிடியில் எழுதினேன். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் அசலோடு அப்படியே ஒத்துப்போகின்றன. செட்டப் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் நிறுவல் திரையும் திறக்கிறது. ஆனால் கணினியை அந்தச் சிடியிலிருந்து தொடங்கச் (பூட் செய்யச்) சொன்னால், டிரைவ் சற்று நேரம் சுற்றி முனகிவிட்டு, உள்ளே சிடியே இல்லாததுபோல் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடுகிறது. அசலைப் போட்டால் ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லும் அந்த வரி ஒழுங்காக வருகிறது.

இப்படி நான்கு சிடிகள் வீணாகிவிட்டன. வேகமாக எழுதியதுதான் காரணம் என்கிறார் ஒருவர். மைக்ரோசாஃப்ட் அதில் பூட்டுப் போட்டிருக்கிறது என்கிறார் இன்னொருவர். உண்மையில் எது விடுபட்டுப் போகிறது என்பதையும், நகலை எடுக்கும் முறை என்ன என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: லாமிங்டன் பழையவர்

தம்பி, எழுதும் வேகமும் காரணமில்லை, பூட்டும் காரணமில்லை. எக்ஸ்பி சிடியில் பிரதித் தடை எதுவும் கிடையாது. நீங்கள் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வாசற்படியை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறீர்கள்.

தரவுச் சிடி என்பது 2048 பைட் கொண்ட செக்டர்களின் நீண்ட வரிசை. 0 முதல் 15 வரையிலான செக்டர்கள் கோப்பமைப்பு தொடாமல் ஒதுக்கி வைத்தவை. 16-ஆம் செக்டரில்தான் சிடியின் பெயர், மொத்த அளவு, மூலக் கோப்புறை இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் விவரத் தொகுப்பு தொடங்குகிறது. பூட் ஆகும் சிடியாக இருந்தால், அதற்கடுத்த 17-ஆம் செக்டரில் பூட் பதிவு ஒன்று இருக்கும். பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரல், கோப்புகளைத் தேடுவதில்லை. நேராக 17-ஆம் செக்டருக்குப் போய், அங்கே 'எல் டொரிடோ' என்ற அடையாள வரி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், பூட் பட்டியல் எந்தச் செக்டரில் உள்ளது என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டியல் காட்டும் பூட் நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. இல்லாவிட்டால், உங்களுக்கு நேர்ந்ததைப் போல ஹார்டு டிஸ்க்குக்கு நடையைக் கட்டிவிடுகிறது. இந்த முறையை ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1995-இல் வெளியிட்டன. எல் டொரிடோ என்பது கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு மெக்சிகோ உணவகத்தின் பெயர் என்றும், இரண்டு பொறியாளர்கள் அங்கே சாப்பிட உட்கார்ந்தபோது பிறந்த யோசனை இது என்றும் சொல்வார்கள்.

17-ஆம் செக்டர் ஒரு கோப்பு அன்று. ஆகவே நீங்கள் இழுத்துப் போட்டபோது அது வரவில்லை. எக்ஸ்பி சிடியில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் பூட் நிரல் வெறும் 2 கேபி அளவுள்ளது, அதுவும் கோப்புப் பட்டியலில் இடம்பெறாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஐ386 கோப்புறைக்குள் இருக்கும் செட்டப் ஏற்றியைத் தேடிப் பிடித்து ஓடவிடுகிறது. கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போனது உங்களை ஏமாற்றியதற்குக் காரணம் இதுவே. விடுபட்டவை எதுவும் அந்தக் கணக்கிலேயே இல்லை. லினக்ஸ் சிடிகளில் பூட் நிரல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கோப்பாகவே இருக்கும் என்றாலும், பூட் பதிவு இல்லாமல் அதனாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, சில லினக்ஸ் சிடிகள் தம்மைத் தாமே சிடியின் பெயரை வைத்துத் தேடுவதால், பெயர் மாறினால்கூடப் பாதி வழியில் நின்றுவிடும்.

ஆகவே கோப்பு கோப்பாக எடுக்காமல், 0-ஆம் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை அப்படியே ஒரே கோப்பாக, அதாவது ஐஎஸ்ஓ கோப்பாகப் படித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ஐஎஸ்ஓவைச் சிடியில் எழுதும் வசதி விண்டோஸ் 7-இலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆனால் சிடியை ஐஎஸ்ஓவாகப் படிக்கும் வசதி அதில் இல்லை. அதற்கு இம்க்பர்ன் என்ற நிரல் போதும். 2013-க்குப் பின் புதுப்பிக்கப்படாத நிரல்தான், ஆனாலும் இந்த வேலையை இன்றும் ஒழுங்காகச் செய்கிறது. அதில் படிக்கும் முறையைத் தேர்ந்து ஐஎஸ்ஓவை உருவாக்கி, பிறகு எழுதும் முறையில் அதையே புதிய சிடியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லும் குறியை எடுத்துவிடாதீர்கள். 16 மடங்கு வேகத்தில் முழுச் சிடியும் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். 52 மடங்கில் எழுதி மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு கட்டிங் டீகூடக் குடிக்க முடியாது.

பதில்: மாட்டுங்கா வாசகி

பழையவர் ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். ஐஎஸ்ஓ கோப்பை உருவாக்கிய பின், அதையே மறுபடியும் சாதாரணக் கோப்பைப் போலச் சிடிக்குள் இழுத்துப் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். என் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் அதைச் செய்தார்கள். எழுதிய சிடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிகிறதென்றால், அதுவும் பூட் ஆகாது.

சட்டம் குறித்துத் தயக்கம் இருந்தால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, (1)(ஏஏ) உட்பிரிவைப் பாருங்கள். மென்பொருளின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்தப் பயனுக்காகவே காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் ஒன்று எழுதிக் கொடுப்பது இதில் அடங்காது. அப்படியே, கணினிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் 25 எழுத்துச் சாவியை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினியோடு வந்த சிடி அந்த வகைச் சாவியை மட்டுமே ஏற்கும், மேலும் அந்த ஒட்டுத்தாள் சிடிக்கு முன்பே அழிந்துபோகக்கூடியது.

கேள்வி கேட்டவர்: தாராவி ஊசிநூல்

இருவருக்கும் நன்றி. நான்கு சிடிகளை வீணாக்கியும் விளங்காதது இப்போது விளங்கிவிட்டது. ஆனால் இம்க்பர்ன் பாதிக்கு மேல் நன்றாகப் படித்துவிட்டு, இறுதிப் பகுதியை எட்டும்போது செக்டர்களைப் படிக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி நின்றுவிடுகிறது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார்கள்; செய்யலாமா?

பதில்: செம்பூர் லினக்ஸ்காரர்

பற்பசையை இப்போதைக்குப் பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது உராய்ந்து மெருகேற்றும் பொருள். அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலுக்குக் கடைசி முயற்சியாக வேண்டுமானால் பார்க்கலாம். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர் என்றாலும், தரவைத் தாங்கும் பிரதிபலிப்புப் படலம் பெயர் அச்சிட்ட மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில் இருக்கிறது. மங்கல் அந்தப் பக்கத்திலிருந்து ஏறியிருந்தால் எதைத் தேய்த்தாலும் திரும்ப வராது. மென்மையான ஈரத்துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாக மட்டும் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தின் வழியே ஓடி அடுத்தடுத்த செக்டர்களைத் தொடர்ச்சியாகக் கெடுக்கும்.

சிடி நடுவிலிருந்து வெளிநோக்கி எழுதப்படுவது. எனவே விளிம்பில் இருக்கும் மங்கல் இறுதிப் பகுதியில் தடுக்குவது இயல்பே. ஆறுதலான செய்தி ஒன்றுண்டு: ஒவ்வொரு செக்டரும் உண்மையில் 2352 பைட் இடத்தைப் பிடிக்கிறது, அதில் உங்கள் தரவு 2048 போக, 276 பைட் பிழை திருத்துவதற்கும் 4 பைட் பிழை கண்டறிவதற்கும் ஒதுக்கப்பட்டவை. அதனால், படித்துவிட்டேன் என்று டிரைவ் சொன்ன செக்டர் அநேகமாகச் சரியாகவே இருக்கும். தவறான தரவு சத்தமில்லாமல் நுழைந்துவிடுவது அரிது.

லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து மடிக்கணினியைத் தொடங்கி, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நிரலைப் பயன்படுத்துங்கள். தொகுதி அளவை 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் கெட்ட இடங்களோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில், விடுபட்டவற்றை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். இந்த நிரலின் அருமை அது வைத்திருக்கும் வரைபடக் கோப்பில் இருக்கிறது: எந்தச் செக்டர் வந்தது, எது வரவில்லை என்பதை அது குறித்துக்கொண்டே போகும். ஒரு டிரைவால் படிக்க முடியாததை இன்னொரு டிரைவ் சர்வசாதாரணமாகப் படித்துவிடும் என்பதால், பாதி முடிந்த ஐஎஸ்ஓவையும் வரைபடக் கோப்பையும் எடுத்துக்கொண்டு போய் வேறொரு டிரைவில் அதே கட்டளையைக் கொடுத்தால், ஓட்டைகளை மட்டும் அது அடைத்துத் தரும். மேசைக் கணினிகளுக்குள் பொருத்தும் பழைய டிவிடி ரைட்டர்கள், யுஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர்களைவிட இதில் பொறுமைசாலிகள் என்பது என் அனுபவம்.

நீங்கள் முதலில் இழுத்துப் போட்ட கோப்புறையை அழித்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ தயாரானதும் அதைத் திறந்து, அதில் உள்ள கோப்புகளை அந்தக் கோப்புறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதே இழுத்துப் போடும் வேலையைப் புதிய கணினியில், 64 பிட் விண்டோஸ் 10 நிறுவலோடு, ஃபாட்32 என்ற கோப்பமைப்பு கொண்ட பென்டிரைவில் செய்திருந்தால் அது பூட் ஆகியிருக்கக்கூடும். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள கணினிகள் பென்டிரைவில் எல் டொரிடோவைத் தேடுவதில்லை. இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் கோப்புறை, அதற்குள் குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பு இருந்தால் போதும், அதையே ஓடவிடும். அங்கே வரும் தொல்லை வேறு: ஃபாட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது என்பதால், விண்டோஸைத் தன்னுள் சுருக்கி வைத்திருக்கும், பெரிதாகிப்போன இன்ஸ்டால்.விம் கோப்பு இடித்துக்கொண்டு நிற்கும். அதைத் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும். உங்கள் எக்ஸ்பி கணினிக்கு இதில் எதுவும் பொருந்தாது. சிடியோடு இருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்: தாராவி ஊசிநூல்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். என் யுஎஸ்பி ரைட்டரில் 38 செக்டர்கள் கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் சாலையில் தேடி, பழைய மேசைக் கணினி ரைட்டர் ஒன்றையும் அதை யுஎஸ்பியில் இணைக்கும் கம்பியையும் வாங்கி வந்தேன். அது முதல் சுற்றிலேயே 31 செக்டர்களை அடைத்தது. மீதி ஏழும், சிடியை ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டபோது வந்துவிட்டன. கோப்புறையோடு ஒப்பிட்டதில் எல்லாக் கோப்புகளும் ஒத்துப்போயின.

லினக்ஸிலேயே புதிய சிடியில் எழுதினேன். விசையை அழுத்தச் சொல்லும் வரி வந்ததைப் பார்த்து அப்பா கைதட்டினார். ஆனால் ஒரு குழப்பம் மீதி இருக்கிறது. ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 மதிப்பையும் (தரவின் கைரேகை போன்ற 64 எழுத்து வரிசை), புதிய சிடியை நேரடியாகப் படித்துக் கணக்கிட்ட மதிப்பையும் ஒப்பிடலாம் என்று பார்த்தால், சிடியின் முடிவில் உள்ளீட்டுப் பிழை என்று நின்றுவிடுகிறது. ஐஎஸ்ஓவின் அளவு 61,69,39,520 பைட். நகல் கெட்டுவிட்டதா?

பதில்: செம்பூர் லினக்ஸ்காரர்

கெடவில்லை. எழுதிய நிரல், தடம் தடமாக எழுதும் ட்ராக் அட் ஒன்ஸ் முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. அந்த முறையில் தடத்தின் முடிவில் லேசர் அணையும்போது இரண்டு வெற்றுச் செக்டர்கள் சேர்ந்துகொள்ளும். சிடியின் மொத்தக் கணக்கில் அவை இருக்கும், ஆனால் படிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது, அதனால்தான் பிழை. முழுச் சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் எழுதினால் இவை வராது.

உங்கள் ஐஎஸ்ஓவை 2048 ஆல் வகுத்தால் 3,01,240 செக்டர்கள் வருகின்றன. லினக்ஸில் தரவை அப்படியே படிக்கும் டிடி கட்டளையில் தொகுதி அளவு 2048, எண்ணிக்கை 301240 என்று கொடுத்து, அத்தனை செக்டர்களை மட்டும் சிடியிலிருந்து படித்து மதிப்பைக் கணக்கிடுங்கள். சிடியின் மீது பெயர் எழுதுவதாக இருந்தால், நடுத்துளையைச் சுற்றி உள்ள வெளிப்படையான வளையத்தில் மட்டும் எழுதுங்கள். அங்கே தரவு இல்லை.

கேள்வி கேட்டவர்: தாராவி ஊசிநூல்

301240 கொடுத்துப் பார்த்தேன். 64 எழுத்துகளும் ஒன்றுகூட மாறாமல் ஒத்துப்போயின. டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில் இரண்டாவது சிடியும் எழுதியாயிற்று. ஐஎஸ்ஓ ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் தங்கை வீட்டுக் கணினியிலும் இருக்கிறது. பூட் ஆகாத அந்த நான்கு சிடிகளையும் அப்பா நூல்கண்டு அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறார், புறா வராதாம்.