பர்ப்பிள் ஃபயர்ஃபிஷ் 4 நாளா பாறைய விட்டு வெளிய வரல, உதவி ப்ளீஸ்

வேளச்சேரி வாசி:
ஞாயித்துக்கிழமை கொளத்தூர்ல வாங்கினேன். 150 லிட்டர் மரைன் (உப்புத் தண்ணி) டேங்க், ஒரு வருஷமா ஓடுது, கூட ரெண்டு க்ளவுன் மீன். வந்த அன்னிக்கே பாறை இடுக்குல போய் ஒட்டிக்கிட்டான், மூக்கு மட்டும் தெரியுது. ஃப்ளேக் (காஞ்ச செதில் தீனி) போட்டா எட்டிப் பார்ப்பான், க்ளவுன் வந்ததும் உள்ள. கடைக்காரர் “பழகிடும் சார்”னு முடிச்சிட்டார். மருந்து ஏதாவது ஊத்தலாமா?

பவழப் பைத்தியம்:
மருந்த தொடாதீங்க. வயிறு உப்பியிருக்கா? வால் மேல தூக்கி மிதக்குதா? கடல்ல இது 25 முதல் 70 மீட்டர் ஆழத்துல, பாறைச் சரிவோட அடிவாரத்துல இருக்குற மீன். அவசரமா மேல ஏத்தினா காத்துப்பை உப்பிடும்.

வேளச்சேரி வாசி:
இல்லங்க, நேராத்தான் நிக்குது. முதுகுத் துடுப்ப மட்டும் டக் டக்னு ஆட்டுது.

பவழப் பைத்தியம்:
அது அவங்க பாஷை, கவலைப்படாதீங்க. லைட்டும் சூடும் எவ்வளவு?

வேளச்சேரி வாசி:
வெள்ளை 70, நீலம் 80 சதவீதம். மத்தியானம் 31 டிகிரி. தண்ணிய குளிர்விக்கிற சில்லர் இல்ல.

பவழப் பைத்தியம்:
அந்த ஆழத்துல சிவப்பு வெளிச்சமே எட்டாது, எல்லாம் மங்கலான நீலம். உங்க லைட் அதுக்கு மே மாச அண்ணா சாலை! வெள்ளைய 10க்கு இறக்குங்க, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம். தண்ணி 26 டிகிரிக்கு வரணும். டேபிள் ஃபேன் வச்சா ரெண்டு டிகிரி குறையும், ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே நிக்கும். அதனால தினமும் ஆர்ஓ தண்ணி ஊத்தி ஈடுகட்டுங்க, போர் தண்ணி வேணாம்.

அடையாறு அக்கா:
ஃப்ளேக்குக்கு இது மேல வராது. பொந்துக்கு மேல நின்னு, நீரோட்டத்துல வர்ற பொடிப் பூச்சியக் கொத்துற ஜாதி. ஃப்ரோசன் மைசிஸ (உறைய வச்ச பொடி இறால் தீனி) கரைச்சு, டிராப்பர்ல எடுத்து பொந்துப் பக்கம் மிதந்து போற மாதிரி விடுங்க. அதுக்கு முன்னாடி க்ளவுனுக்கு எதிர் மூலையில போட்டு ஆள மடக்குங்க. அப்புறம் மேல மூடி இருக்கா? பயந்தா எகிறும். என்னோடத ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கருவாடாத்தான் எடுத்தேன்.

வேளச்சேரி வாசி:
மூணு நாள் கழிச்சு வர்றேன். லைட்ட குறைச்ச மறுநாளே பாதி உடம்பு வெளிய. இன்னிக்கு நாலு மைசிஸ்! வெளிச்சம் பட்டதும் துடுப்போரத்துல அந்த ஊதா… அடேயப்பா. துணைக்கு இன்னொண்ணு வாங்கட்டுமா?

அடையாறு அக்கா:
ஜோடி சேராத ரெண்ட இவ்வளவு சின்ன டேங்க்ல விட்டா ஒண்ண ஒண்ணு விரட்டியே கொன்னுடும். டேங்க் மேல மூடியா கொசுவலை கட்டியாச்சா?

வேளச்சேரி வாசி:
இன்னும் இல்லக்கா.

அடையாறு அக்கா:
ஃபோன வச்சிட்டுப் போய்க் கட்டுப்பா முதல்ல.